ஐந்து கிணற்றுக்கும் ஒரே ருசி

போன மாதம் எத்தாளைக்குப் போயிருந்தோம். நாங்கள் முன்பு குடியிருந்த ஒழுங்கையில், அடுத்த வளவு ஜவ்பர் நானாவின் மகன் பழைய வீட்டை இடித்துவிட்டு அதே வளவில் புது வீடு கட்டிக் குடிபுகுந்திருந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அத்தர் வாசம் மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அத்தர் என்றால் பெருநாள் ஞாபகம் வரும், கல்யாணம் ஞாபகம் வரும். எனக்கும் என் மனைவி செலினுக்கும் இரசாயன ஆய்வுகூடம் ஞாபகம் வரும். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

கதிரையில் உட்கார்ந்ததும், பாவாடையும் பெரிய தாவணியுமாக ஒரு பிள்ளை வந்து எனக்கு ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். மூடியில் முத்திரை உடையாத கடைத் தண்ணீர். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள். செலின் கையை நீட்டியபோது மட்டும், "நீங்க கொஞ்சம் இரிங்க மாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். செலின் நீட்டிய கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை திரும்பி வருவதற்குள் உங்களுக்கு ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

சண்டை முடிந்து ஓரிரு வருடம் இருக்கும். நான் வன்னியில் பிறந்து, புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, கைத்தொலைபேசி திருத்தப் பழகியவன். கற்பிட்டிக்குப் போகும் வழியில் ஒரு பலகைக் கடை போட்டிருந்தேன். செலின் கண்டக்குழிப் பெட்டை. அவளுடைய ஆட்கள் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். இவள் மட்டும் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படித்துவிட்டு, சிலாபம் பக்கத்தில் ஒரு இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலைக்குப் போயிருந்தாள். இறால்களுக்கு நோய் வந்து பண்ணை மூடப்பட்டது. வேலை போன கையோடு என்னைக் கட்டினாள். இரண்டில் எது பெரிய நட்டம் என்று அவளைக் கேட்டால் இன்றைக்கும் யோசித்துத்தான் பதில் சொல்லுவாள்.

எத்தாளையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பெண் வீட்டிலிருந்து அலுமாரி வரும், கட்டில் வரும் என்று நான் இருக்க, செலின் ஐஸ் போட்டு மீன் வைக்கிற ஒரு ரெஜிபோம் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினாள். திறந்தால் உள்ளே மருந்துப் போத்தல்கள். பண்ணை மூடும்போது திகதி முடிந்தது என்று எறியப் போனவற்றைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"இதுகள வச்சு என்ன செய்யப் போறீர்?"

"சும்மா இருக்க ஏலாது. தண்ணி பாத்துப் பழகின கண். வீட்டில ஒரு லேப் போடப்போறன்."

சரி, பொழுதுபோக்குக்குத்தானே, சிலர் பூக்கன்று வைக்கிறார்கள், இவள் லேப் வைக்கட்டும் என்று நான் பெருந்தன்மையாக விட்டேன். பெருந்தன்மை என்றுதான் அப்போது நினைத்தேன்.

குசினிக்குப் பின்னால் கோழிக்கூடு வைக்கவென்று இறக்கிய தகரப் பத்தி ஒன்று இருந்தது. அதுதான் ஆய்வுகூடம். அதில் இருந்த ஒவ்வொரு சாமானும் வேறு எதற்கோ பிறந்து, செலின் கையில் அகப்பட்டு வேலை மாறியவை. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாயை ஆணியில் தொங்கவிட்டு, அதன் திருகைத் திருப்பி ஒவ்வொரு துளியாக விடுவாள். அளக்கிறதுக்கு பாமசியில் வாங்கிய ஊசி போடும் சிரிஞ்சு. துத்தநாகத் தூள் வேண்டுமென்றாள். எங்கே போவது? பழைய டோர்ச் பற்றறியை உடைத்து, துத்தநாகத்தாலான அதன் வெளியோட்டைக் கழுவி, அரத்தால் ராவித் தூளாக்கினாள். சோதனைக் குழாய்க்குப் பதிலாக வெறும் அத்தர்ப் போத்தல்கள். புத்தளம் பள்ளிவாசல் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஒரு பை நிறையத் தந்தார். எத்தனை தரம் கழுவினாலும் வாசம் போகாது. உலகத்திலேயே மல்லிகை மணக்கிற லேப் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சுத்தமான தண்ணீருக்குத்தான் மெத்தக் கஷ்டப்பட்டோம். மருந்து கரைக்க, ஒன்றும் கலக்காத தண்ணீர் தேவை. கேத்தலின் மூக்கில் குழாயைச் செருகி, குழாயை ஈரத்துணியில் சுற்றி, ஆவியைப் பிடித்துத் தண்ணீராக்கினோம். மூன்றாம் நாள் பின்னேரம் இரண்டு மீன்பிடிகாரர் வேலியருகில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்கள்.

"அண்ணே, அரைப் போத்தல் கிடைக்குமா?"

"என்ன அரைப் போத்தல்?"

"பயப்படாதீங்க, நாங்க ஒருத்தருக்கும் சொல்ல மாட்டம்."

எங்கள் வீட்டில் கசிப்பு, அதுதான் கள்ளச்சாராயம், காய்ச்சுகிறோம் என்று ஊர் முழுக்கக் கதை பரவியிருக்கிறது! வன்னியிலிருந்து வந்தவன் வீட்டில் வயரும் பவுடரும் போத்தலும் இருந்தால் கசிப்போடு மட்டும் கதை நிற்காது, குண்டு வரைக்கும் போகும் என்ற பயம் எனக்கு உள்ளே இருந்தது. அன்றைக்கே கேத்தலைக் கழுவி வைக்கச் சொன்னேன். அடுத்த நாள் கராஜில் பற்றறிக்கு ஊற்றும் தண்ணீரைச் செலின் கண்டுபிடித்தாள். அதுவும் காய்ச்சி வடித்த தண்ணீர்தானாம். மூன்று நாள் கேத்தலோடு மல்லுக்கட்டிய எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

என்னுடைய பங்கு என்று ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். பண்ணை மருந்தைத் தண்ணீரில் விட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். தண்ணீரில் நைத்திரேற்று எவ்வளவு கூடவோ அவ்வளவுக்கு நிறமும் கூடும். நைத்திரேற்று என்பது வெங்காயத் தோட்டத்துக்குப் போடுகிற உரத்தில் இருக்கிறதுதான். எத்தாளை மண் வெறும் மணல். மேலே போட்டது அடுத்த மழைக்குக் கீழே கிணற்றில் இருக்கும். நிறத்தைப் பார்த்து ஒப்பிட ஒரு வர்ண அட்டை பண்ணையில் இருந்ததாம், அது வெயிலில் வெளிறிப்போய்விட்டது. கண்ணை நம்ப ஏலாது, ஒரு கருவி வேண்டும் என்றாள்.

செய்து கொடுத்தேன். ஒரு சாண் பிவிசி குழாய். ஒரு பக்கத்தில் உடைந்த சார்ஜர் ஒன்றிலிருந்து கழற்றிய பச்சைச் சின்ன பல்ப். மறுபக்கத்தில், கண்டக்குழியில் அப்போதுதான் முளைத்திருந்த உல்லாசப் பயண விடுதிக்காரர்கள் எறிந்த தோட்ட விளக்கிலிருந்து எடுத்த வெளிச்சம் அறியும் துண்டு. நடுவில் அத்தர்ப் போத்தல். தண்ணீர் சிவக்கச் சிவக்கப் பச்சை வெளிச்சம் குறையும், என் மீற்றரில் இலக்கம் ஏறும். முதல் நாள் வானத்தில் முகில் போனால்கூட இலக்கம் மாறியது. வெளி வெளிச்சம் உள்ளே போகாமல் குழாயைச் சுற்ற நல்ல கறுப்புத் துணி வேண்டியிருந்தது. அடுத்த வளவுச் சுபைதா ராத்தா தன்னுடைய பழைய ஹபாயா ஒன்றை வெட்டித் தந்தார்.

சுபைதா ராத்தாவை இப்போது சொல்லியே ஆகவேண்டும். ஜவ்பர் நானாவின் மனைவி. அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. அப்போது நாற்பது வயது இருக்கும். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு ஓலை வேலிதான். முதல் நாளே வேலிக்கு மேலால் ஒரு கோப்பைக் கஞ்சி வந்தது. நோன்பு காலத்தில் நாங்கள்தான் அந்த ஒழுங்கையில் அதிகம் நோன்புக் கஞ்சி குடித்த கிறிஸ்தவர்கள். ராத்தாவின் தங்கச்சி, புருஷன் விட்டுப்போனவள், கைக்குழந்தையை ராத்தாவிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போயிருந்தாள். பிள்ளைக்கு ஹஸ்னா என்று பெயர். இரண்டு மாதப் பிள்ளை. தாய்ப்பால் இல்லை. டின் பால்மாவைக் கரைக்கிற மாப்பால்தான். ராத்தா கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கரைத்துக் கொடுப்பார்.

இதைக் கேட்ட அன்றைக்கே செலினின் முகம் மாறியது. இரவு சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"கொதிக்க வச்சா கிருமிதான் சாகும். நைத்திரேற்று சாகாது. தண்ணி வத்த வத்த அது இன்னும் கூடும். பெரியாக்களுக்கு ஒண்டும் தெரியாது. போத்தல்ல குடிக்கிற பச்சப் பிள்ளைக்கு இரத்தத்தையே கெடுத்துப் போடும்."

"அப்ப போய்ச் சொல்லும்."

"சோதிக்காமச் சொன்னா, அவங்கட கிணத்தக் குறை சொன்னதாப் போகும். முதல்ல தண்ணி வேணும்."

தண்ணீர் கொண்டுவர நான் போனேன். ராத்தா வீட்டை மட்டும் தனித்துக் கேட்டால் ஒரு மாதிரி இருக்கும் என்று ஒழுங்கையில் ஐந்து வீடு. கழுவிய போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஒரு சுற்று. அந்த ஊரில் கிணறு வீட்டுக்குப் பின்னால், பெண்கள் குளிக்கிற, துவைக்கிற இடத்தில் இருக்கும். வேற்று ஆம்பிளை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. ஆகவே நான் மரியாதைப்பட்ட மனுசனாக வாசலில் நின்று, "உங்கட வீட்டுத் தண்ணி கொஞ்சம் வேணும்" என்று கேட்டேன். போத்தலை உள்ளே கொண்டுபோய் நிரப்பித் தந்தார்கள். வெயிலில் வந்தவன் என்று ஒவ்வொரு வீட்டிலும் எனக்கும் ஒரு கிளாஸ் தந்தார்கள். ஐந்து கிளாஸ் குடித்து வயிறு குலுங்க வீடு வந்தேன்.

செலின் சோதித்தாள். ஐந்து போத்தலிலும் நிறம் வந்ததே தெரியவில்லை. மீற்றர் ஐந்துக்கும் ஒரே இலக்கம் காட்டியது. நான் துள்ளாத குறை!

"பாத்தீரா என்ர மெஷின? அசையுதே இல்லை!"

அதோடு விட்டேனா? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டேன். "ராத்தா! உங்கட தண்ணி அருமையான தண்ணி! பிள்ளைக்குப் பயப்படாமக் குடுங்கோ!" ராத்தா சந்தோசத்தில் ஒரு தட்டு இனிப்புத் தொதல் அனுப்பினார். அதையும் நான்தான் தின்றேன்.

அடுத்த ஒரு கிழமை செலின் சரியாகத் தூங்கவில்லை. உரத்தைப் பற்றறித் தண்ணீரில் கரைத்து, பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று ஐதாக்கிக் கருவிக்குள் வைத்துப் பார்த்தாள். கருவி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இலக்கம்தான் காட்டியது. கருவியில் பிழை இல்லை என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதுதான் பயமா இருக்கு. மெஷின் சரியெண்டா, அஞ்சு வளவில அஞ்சு கிணறு எப்படி ஒரே மாதிரி இருக்கும்? நீங்க குடிச்சீங்களே, ருசி எப்படி?"

"நல்ல ருசி. அஞ்சு வீட்டிலும் ஒரே ருசி."

"எங்கட கிணறு உப்புக் கரிக்குது. வேலிக்கு அந்தப் பக்கம் இனிக்குமா?"

ஐந்து கிளாஸ் குடித்தவன் நான். என் நாக்குக்கு அது உறைக்கவில்லை.

அவள் உடனே எழுந்து ராத்தா வீட்டுக்குப் போனாள். பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்னறையில் உட்காரவைத்து ராத்தா தன்னுடைய பூப்போட்ட கோப்பையில் தண்ணீர் கொடுத்திருக்கிறார். மூலையில், லேஸ் துணி போர்த்திய ஒரு முக்காலியில் நீலக் கேன் இருந்திருக்கிறது. அதிலிருந்து ஊற்றியதுதான்.

"இது எங்க எடுக்கிற தண்ணி ராத்தா?"

"லொறியில வாறது. வாரவங்க போறவங்களுக்கு வச்சிரிக்கிற."

"அண்டைக்கு இவர் கேட்டப்ப?"

"இதத்தான் குடுத்த. வீட்டு வாசல்ல வந்து ஒருத்தர் தண்ணி கேட்டா, அந்தக் கரிக்கிற தண்ணியயா குடுக்கிற? எங்கள அப்புடி வளக்கலியே புள்ள."

ஐந்து வீட்டிலும் அப்படித்தான். விருந்தாளிக்கு நல்ல தண்ணீர். தங்களுக்குக் கிணறு. எல்லோருக்கும் ஒரே லொறிதான் கேன் கொண்டுவருகிறது. நான் ஒரே தண்ணீரை ஐந்து போத்தலில் கொண்டுவந்து, ஐந்து கிணறு என்று பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். அப்படியென்றால் பிள்ளைக்கு ஏன் கேன் தண்ணீர் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். ராத்தா அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். எந்த ஊரில் அள்ளி எத்தனை நாள் கேனில் கிடந்த தண்ணீரோ, பச்சைப் பிள்ளைக்கு அதைக் கொடுப்பதா, கண்ணுக்கு முன்னால் அள்ளிக் கொதிக்கவைத்ததுதானே பத்திரம் என்று. பாசத்தில் ஒரு குறையும் இல்லை.

செலின் கை கழுவுகிற சாட்டில் பின்னுக்குப் போய், தன் கையாலேயே வாளியைப் போட்டு அள்ளி, ஒரு போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தாள். மருந்தை விட்டோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பீட்ரூட் சாறு மாதிரிச் சிவந்தது. மீற்றரின் இலக்கம் நாங்கள் கீறிய கிராப் தாளைத் தாண்டிப் போய்விட்டது. செலின் அப்படியே குந்தி இருந்து அழுதாள்.

"நல்ல தண்ணி எண்டு சொல்லிப் போட்டமே. ஒரு கிழமையா அந்தப் பிள்ளை நம்மட சொல்ல நம்பியல்லோ குடிக்குது."

சொன்னது அவள் இல்லை, வேலியில் நின்று கூவியவன் நான். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் போத்தலோடு திரும்பிப் போனாள். நானும் பின்னால் போனேன். ராத்தா போத்தலை வாங்கிப் பார்த்தார். பிறகு குரல் ஏறியது.

"இப்ப என்ன சொல்ல வாறீங்க? போன கிழம நல்லமெண்டு சத்தம் போட்டீங்க. இந்தக் கிழம நஞ்செண்டுறீங்க. எங்கட கிணத்துல நீங்க என்ன வெளையாட்டா வெளையாடுறீங்க?"

"பிழை எங்களோடதான் ராத்தா. என்ன எவ்வளவு வேணுமெண்டாலும் ஏசுங்க. பிள்ளைய மட்டும் ஒருக்கா வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க."

பிள்ளையை வெளியே கொண்டுவந்து வெயிலில் பிடித்தார்கள். செலின் அந்தச் சின்னக் கையை விரித்து நகத்தைக் காட்டினாள். நகமும் உதடும் நீலம் பாரித்திருந்தன. வீட்டுக்குள் இருட்டில் அது தெரிந்திருக்கவில்லை. தகப்பன் நிறம் என்று ராத்தா நினைத்திருக்கிறார். "யா அல்லாஹ்!" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒருவரும் கிணற்றைப் பற்றிக் கதைக்கவில்லை. த்ரீவீலரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டொக்டர் பிள்ளையைப் பார்த்தார், என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். செலின் போத்தலை நீட்டினாள். அவர் அதைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, "இதென்ன, செண்ட் மணக்குது?" என்றார். அவள் அழுகையும் சிரிப்புமாகக் குழாய், பற்றறி ஓடு, ஹபாயாத் துணி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மறுபடி போத்தலைப் பார்த்தார், பிறகு செலினைப் பார்த்தார். "இன்னும் பிந்தியிருந்தா கஷ்டம்" என்று மட்டும் சொன்னார். பிள்ளையை வைத்து மருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் உதட்டில் பழைய சிவப்பு வந்தது.

பிள்ளையோடு வீடு திரும்பிய அன்று ராத்தா நேரே முன்னறைக்குப் போய், முக்காலியில் இருந்த லேஸ் துணியை இழுத்து எடுத்தார். நீலக் கேனைக் குசினிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

"இண்டையிலிருந்து இவதான் இந்த வீட்டு விருந்தாளி."

அதற்குப் பிறகு செலினே வீடு வீடாகப் போய்த் தன் கையால் அள்ளினாள். ஐந்து கிணற்றுக்கும் ஐந்து இலக்கம் வந்தது. எத்தாளையில் கைக்குழந்தை உள்ள வீடென்றால் செலினுடைய அத்தர்ப் போத்தல் ஒரு தரமாவது போயிருக்கும். ஜவ்பர் நானா உரத்தைக் குறைத்தார் என்று பொய் சொல்ல மாட்டேன். உர மூட்டையைக் கிணற்றடியிலிருந்து தள்ளி வைத்தார், அவ்வளவுதான். நான் பெரிய பெரிய மெஷின் எல்லாம் பிறகு திருத்தியிருக்கிறேன். ஆனால் தன் கருவி சரியாக வேலை செய்வதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட ஒருத்தியை இன்றுவரை வேறெங்கும் கண்டதில்லை. நானென்றால் அந்த ஒரே இலக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

பிறகு பிழைப்புத் தேடிப் புத்தளம் டவுனுக்கு வந்துவிட்டோம். அந்தத் தகரப் பத்தி ஒரு காற்றில் போனது. கருவியைக் கொஞ்ச நாள் அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன், வீடு மாறும்போது எங்கேயோ தவறிவிட்டது. ஓலை வேலி இருந்த இடத்தில் இப்போது மதில். வெங்காயத் தோட்டத்தில் பாதி விடுதியாகிவிட்டது. கிணற்றைக் கொங்கிரீட் தட்டுப் போட்டு மூடியிருக்கிறார்கள். வீட்டு ஆளுக்கும் வந்த ஆளுக்கும் இப்போது ஒரே கடைத் தண்ணீர்தான். அது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. லேஸ் போட்ட முக்காலியை மட்டும் கண் தேடியது. சுபைதா ராத்தா மவுத்தாகி இரண்டு வருடம். புது வீட்டை அவர் பார்க்கவில்லை.

உள்ளே போன பிள்ளை திரும்பி வந்தாள். கையில் ஒரு பழைய பூப்போட்ட கோப்பை, விளிம்பில் ஒரு சின்ன உடைவு. நிறையத் தண்ணீர். இரண்டு கையாலும் செலினிடம் நீட்டினாள்.

"பெரியும்மா சொல்லி வச்ச. செலின் மாமி வந்தா போத்தல நீட்டப்படாதாம். தன்ட கோப்பையில ஊத்தித்தான் குடுக்கணுமாம்."

"நீங்க ஹஸ்னாவா?" என்றாள் செலின்.

பிள்ளை தலையாட்டினாள். சிவந்த உதடு. செலின் அந்தக் கோப்பையை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்க்கவில்லை. எங்கே அள்ளியது என்று கேட்கவும் இல்லை. ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். குடித்து முடியும்வரை ஹஸ்னா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், ராத்தா நிற்பதுபோலவே.

எனக்குக் கடைப் போத்தல்தான். வேலியில் நின்று கூவியவனுக்கு அது போதும்.